பயந்த சுபாவம்: பாதரசம், சாதி, சாட்சியம்

காயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பெரிய பிழைப்பாகிவிட்டது. ‘ட்ராமா’ என்கிறார்கள். தமிழில் எழுதினால் காயமா நாடகமா என்று பிரித்தறிய முடியாது. சில ஆய்வேடுகளைப் படித்து முடித்த பிறகும் அந்தச் சந்தேகம் தீராது. மனநல மருத்துவரும் மானிடவியலாளரும் வழக்கறிஞரும் நச்சியல் நிபுணரும் இலக்கிய விமர்சகரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் வன்முறையைப் புரிந்துகொள்ள முடியும், துறைகளுக்கு நடுவில் சுவர் கூடாது என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் சுவரெல்லாம் இருக்கும்போதே இவர்கள் ஒரு விஷயத்தில் ரொம்ப நாளாக ஒத்துப்போய்த்தான் இருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. அடிபட்டவனிடம் இருக்கிற பயத்தை அவன் கூடவே பிறந்த சுபாவமாக எழுதிவிடுவதுதான் அது. இதைப் பழனி மலையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அந்த மலைக்குக் கீழே வத்தலக்குண்டுப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் அந்த மலை எனக்குச் ‘சுற்றுலாத்தலம்’ கிடையாது.

முதலில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஆலை, 1980களின் தொடக்கத்தில் பெட்டி கட்டப்பட்டு மலையேறி வந்தது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனி. அப்புறம் கைமாறி இந்துஸ்தான் லீவர். கண்ணாடிக் குழலில் பாதரசத்தை நிரப்பி, மூடி, அளவு குறித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற வேலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்ததைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தன. சனங்கள் திரண்டார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. பணக்கார நாட்டின் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் உலக நடப்பு. திரும்பிப் போனது அபூர்வம். கண்ணாடிக்கும் மண்ணுக்கும் திரும்பிப் போகிற வழி கிடைத்தது. ஆலைக்குள் மூச்சுவிட்டவர்களின் உடம்புக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் நம்மவர்கள் என்று சொல்லி உரிமை கொண்டாட நான் வரவில்லை. அந்த உடம்புகளை எழுதிய பிரதிகளைத்தான் வாசிக்கிறேன். நிபுணர் அறிக்கையையும் நீதிமன்ற உத்தரவையும் கம்பெனி அறிக்கையையும் நாவலை வாசிப்பதுபோல வாசிக்கலாம். அவற்றிலும் கதைசொல்லி உண்டு. யார் பேசலாம், யார் பேசப்படலாம் என்ற ஏற்பாடும் உண்டு.

பாதரச ஆவியை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்பது மருத்துவத்துக்குப் பழைய பாடம். ரோமத் தொப்பி செய்கிறவர்கள் பாதரச உப்பில் தோலை ஊறவைத்த காலத்தில் அமெரிக்காவின் டான்பரி நகரத் தொழிலாளர்களின் கைநடுக்கத்துக்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர் வந்துவிட்டது. 1941 வரைக்கும் அங்கே அந்த வேலை நடந்தது. நடுக்கம், ஈறு வீக்கம், ஞாபகக் குறைவு, தூக்கமின்மை ஆகியவற்றோடு இன்னொரு அறிகுறியையும் வைத்தியப் புத்தகங்கள் சேர்த்துச் சொல்கின்றன. ‘எரெதிசம்’ என்று அதற்குப் பெயர். ஆள் கூச்சப்படுவான். அந்நியரைக் கண்டால் ஒதுங்குவான். தன்னம்பிக்கை போய்விடும். யாராவது கவனித்துப் பார்த்தால் கையிலிருக்கிற வேலை ஓடாது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்.

இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் இந்த விவரணை எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில், பேர் வேண்டாம், எங்கள் தெருப் பிள்ளைகளின் சான்றிதழில் ‘அடக்கமானவன், பயந்த சுபாவம்’ என்று வாத்தியார் எழுதித் தருவார். பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதினார். எங்கம்மாவும் அதைக் காட்டி நாலு பேரிடம் பெருமைப்பட்டது. அதே அம்மாதான், “பெரிய வீட்டுக்காரக எதுக்க வந்தா கண்ண ஏறிட்டுப் பாக்காதடா, தரையப் பாத்து நட” என்று ஐந்து வயதிலிருந்து சொல்லி வளர்த்தது. எங்களை யாரும் பாதரச ஆலைக்குள் விடவில்லை. ஆனாலும் அத்தனை அறிகுறியும் இருந்தது.

ஆக, ஒரே கூச்சம். நச்சியல் அதை அறிகுறி என்கிறது. வாத்தியார் ஒழுக்கம் என்கிறார். மானிடவியல் அதைப் பண்பாடு என்கிறது. நீதிமன்றம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2007இல் நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்தது. தொழிலாளர்களின் இப்போதைய உடல்நிலைக்கும் ஆலையின் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று குழு சொன்னது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை வந்தது. தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்று நேர் எதிராகச் சொன்னது அது. இரண்டும் விஞ்ஞானத்தின் பேரால் பேசின. சாதாரண வாசகன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மூச்சில் போன பாதரசம் உடம்பிலிருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆலை மூடியது 2001இல். ஆறு வருடம் கழித்து மூத்திரத்திலும் ரத்தத்திலும் அதைத் தேடினால் என்ன கிடைக்கும்? நஞ்சு போய்விடும், நரம்பில் அது செய்த வேலை நிற்கும். அப்போது யார் பேச்சை நம்புவது? ஆலைக்குள் என்ன நடந்தது, தரையில் பாதரச மணி எப்படி உருண்டது, வேலை உடுப்போடு அது எப்படி வீடுவரை வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் தொழிலாளர்கள்தான். அவர்கள் சொல்வது ‘சுயமாகச் சொல்லிக்கொள்ளும் புகார்’ என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்துவிடும். அடிபட்ட உடம்பில் தழும்பு ஆறிய பிறகு புகாரை வாங்குகிற காவல் நிலையம் எல்லோருக்கும் தெரியும். மருத்துவத்திலும் அந்த முறை இருக்கிறது.

தெர்மாமீட்டர் என்றவுடன் அம்பேத்கர் எழுதிய ஒன்று ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று அறியப்படும் அவருடைய நினைவுக் குறிப்புகள், 1930களின் நடுவில் எழுதப்பட்டு 1990இல் அச்சுக்கு வந்தவை. தன் கதையோடு மற்றவர்கள் கதையையும் அதில் அவர் சேர்க்கிறார். அதில் ஒன்று கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியருக்கு நேர்ந்தது. அவரே எழுதிய கடிதமாக 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியானது. பிரசவமான மனைவிக்குக் காய்ச்சல். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். பெரிய மனிதர்கள் பேசி, பணத்துக்கும் பொறுப்பேற்ற பிறகு வருகிறார். வந்தும் தொடமாட்டார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவன் கையில் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறார். அப்புறம் அதே வரிசையில் கருவி திரும்பிப் போகிறது. டாக்டர் நிமோனியா என்கிறார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

துறைகளுக்கிடையிலான படிப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கு உஷ்ணம் தெரிந்துவிட்டது, அளவு சரியாகவே தெரிந்தது, நோயின் பெயரும் தெரிந்தது. தொடாமலே எல்லா அறிவும் கிடைத்துவிட்டது. கை மாறி, கை மாறி வந்த அறிவு. நம்மைப் பற்றிய பெரும்பாலான அறிவு இப்படித்தான் வந்து சேர்கிறது. இதில் அம்பேத்கர் செய்கிற வேலையைக் கவனிக்கணும். அந்த ஆசிரியரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று அவர் வர்ணிப்பதில்லை. கடிதத்தை அப்படியே தருகிறார். யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்கிறது. அந்த வரிசைதான் வன்முறை.

இனி மானிடவியல். பழனி மலைப் பளியர்களைப் பற்றி ஏசுசபைப் பாதிரியார் டாமென் 1908லேயே எழுதினார். 1960களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கர் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார். உலகத்தில் சண்டையே போடாத சமூகங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இன்றும் பளியரைச் சேர்ப்பது அவர் எழுத்தை வைத்துத்தான். அடிக்க வந்தால் விலகிப் போவார்கள், தகராறு என்றால் இடத்தையே காலி செய்துவிட்டுப் போவார்கள், ஒருவரை ஒருவர் மதிப்பதே அவர்களின் அறம் என்கிறார். நல்ல மனுசர், உழைத்து எழுதியவர். ஆரம்ப காலத்தில் இந்தக் குணத்துக்கும் சமவெளிக்காரர்கள் கொடுத்த நெருக்கடிக்கும் தொடர்பு உண்டு என்றும் எழுதினார். பட்டியல் போடுகிறவர்கள் அந்த நெருக்கடியை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தேனுக்கும் ஏலக்காய்த் தோட்டக் கூலிக்கும் விலை பேசத் தெரியாதவர்களாக அவர்களை வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வி, ‘அமைதியான சமூகம்’ என்ற பாராட்டுக்குள் அமுங்கிப்போகிறது.

அந்த மலையில் சாதி கிடையாது, பழங்குடிகளும் வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் காய்ச்சலுக்குப் பயந்து மேலே வீடு கட்டினார்கள். மோட்டார் பாதை வருவதற்கு முன்பு அவர்களையும் அவர்கள் சாமான்களையும் டோலியிலும் தலையிலும் சுமந்து ஏறியவர்கள் கூலிகள். 1964 ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதானது. ‘தாயகம் திரும்பியோர்’ என்று அழகாகப் பேர் வைத்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூலிகளாக, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது தெரிந்ததுதான். இவர்களுடைய காயத்துக்கு எந்தத் துறையும் தனிப் பெயர் கொடுக்கவில்லை.

‘சுபாவம்’ என்ற சொல்லை எதிர்த்து முதலில் சண்டை போட்ட வைத்தியர் ஃபனான். அல்ஜீரியர்கள் பிறவியிலேயே மூர்க்கர்கள் என்று பிரெஞ்சு மனநல மருத்துவம் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஃபனான் 1961இல் வெளியான தன் கடைசி நூலில் அதைப் பிய்த்துப் போட்டார். அங்கே மூர்க்கம் சுபாவம், இங்கே கூச்சம் சுபாவம். ஆளுகிறவனுக்கு எது வசதியோ அது அடிபட்டவனின் பிறவிக்குணமாகும். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996இலிருந்து 2006 வரை தனித்தொகுதித் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. அரசாங்கத்துக் காகிதங்களில் இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: ‘வேட்புமனு தாக்கல் செய்ய எவரும் முன்வரவில்லை’. முன்வராதது யாருடைய குணம்? 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் பஸ்ஸை மறித்து வெட்டப்பட்டதை அறிந்தவர்கள் எவரும் அதற்குப் பதில் சொல்லுவார்கள்.

உளவியலுக்கு வருவோம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய நோய்’ என்ற ஒன்றைச் சேர்த்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும் போராடிப் பெற்றது அது. வியட்நாமியரின் அதிர்ச்சி அந்தப் போராட்டத்தில் கணக்கில் வரவில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பட்டியல் ஒரு நிபந்தனை போட்டது. நடந்த சம்பவம், வழக்கமான மனித அனுபவத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பெண்ணியவாதிகள் உடனே கேட்டார்கள், பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே தினம் நடப்பது எந்தக் கணக்கில் வரும் என்று. 1994 பதிப்பில் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டாலும் மனசில் அது இருக்கிறது. சேரி எரிந்தால்தான் அதிர்ச்சி, எரியாத நாள் எல்லாம் இயல்பு. குறுக்குச்சந்துல செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போறது, டீக்கடையில தனிக் கிளாஸ், பிணத்தத் தூக்கிக்கிட்டு வயக்காட்டுச் சகதியில இறங்குறது, இதெல்லாம் ‘வழக்கமான அனுபவம்’. பிந்தைய என்று சொல்வதற்கு அதிர்ச்சி முதலில் முடிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவிலிருந்து எழுதியவர். காயத்தைத் தனிமனித மண்டைக்குள் தேடாதீர்கள், குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கிறது என்று சொன்னவர். அது முக்கியமான திருத்தம். ஆனால் ‘சமூகம்’ என்ற அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்து முகாம்களில் எல்லோரும் போன பிறகும் போக நிலமில்லாமல் நெடுங்காலம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கூட்டுக் காயத்துக்குள்ளும் தெரு பிரிந்துதான் இருக்கிறது.

இப்போது நீதிமன்றம். சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொண்ட விதத்தை நீதிபதி குறித்துக்கொள்ளலாம் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு சொன்னது. இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு உண்டு. குரல் நடுங்கியது, கண்ணைப் பார்க்கவில்லை, யோசித்துப் பதில் சொன்னார் என்றெல்லாம் எழுதலாம். எரெதிசத்தின் அறிகுறிகளும் சாதி பழக்கிவிட்ட பணிவும் சாட்சிக் கூண்டில் ஏறினால் ‘நம்பகமற்ற சாட்சி’ ஆகிவிடும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குப் பயமே இருக்காது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட வழக்கில், 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது சொன்ன காரணம் ஊரறிந்தது. நிலபுலம் உள்ள பெரிய மனிதர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். இதைத் தீர்ப்பு என்பதைவிட யதார்த்தவாத நாவல் பற்றிய அபிப்பிராயம் என்று சொல்லலாம். பாத்திரத்தின் அந்தஸ்துக்கும் செயலுக்கும் பொருத்தம் இல்லை என்கிறார்.

நாவலாசிரியர் வேறு பக்கமாகப் போனார். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்து, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கியது. எரித்தவனின் மனசுக்குள் போய் ஆண்மைக்குறைவைக் கண்டுபிடித்தது. பலரும் கண்டித்துப் பேசியதுதான், ஆனாலும் இங்கே அதற்கு இடமிருக்கிறது. நீதிமன்றம் மிராசுதாருக்கு அந்தஸ்தைக் கொடுத்தது, உளவியல் நாவல் அவருக்குக் காயத்தைக் கொடுத்தது. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதும் சங்கக் கொடி ஏற்றியதும் பின்னால் போய்விட்டன. செத்த 44 பேருக்கு உள்மனம் என்று ஒன்று இருந்ததாக அந்த உளவியலுக்குத் தோன்றவில்லை. ட்ராமா எல்லோருக்கும் பொது என்று பேசத் தொடங்கினால் கொளுத்தியவனுக்கும் ஒரு பங்கு போகும் என்பதை மறக்கக் கூடாது.

வாச்சாத்தியை இதோடு வைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்த ஊர். 18 பெண்கள் வல்லுறவு செய்யப்பட்டார்கள். மலையாளிப் பழங்குடிகள், ‘பயந்த சனங்க’ என்று யாரும் சொல்லிவிடக் கூடியவர்கள். அவர்கள்தான் 19 வருடம் கோர்ட்டுப் படியேறி, 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை வாங்கினார்கள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சாட்சியங்கள் ஜெயித்தது கூட நின்ற சங்கமும் கட்சியும் வழக்கறிஞர்களும் இருந்ததால். பயம் போன பிறகு பேசினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பயத்தோடேயே பேசினார்கள்.

ஆங்கில இலக்கியத் துறைகளில் 1996இல் வந்த கேத்தி கரூத்தின் நூலை வைத்துக்கொண்டு நம் எழுத்துகளைப் படிக்கிற வழக்கம் இருக்கிறது. பட்டவனுக்கே எட்டாமல் போன அனுபவம்தான் ட்ராமா, அது இடைவெளியாகவும் திக்குமுக்காடலாகவும்தான் மொழியில் வரும் என்பது அந்தக் கோட்பாட்டின் சாரம். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’வை இதில் போட்டுத் திணறுகிறார்கள். அதில் என்ன இடைவெளி? ஊரின் அமைப்பு, எந்தத் தெருவில் யார், என்ன வேலை, பட்டப்பெயர்கள், விளையாட்டு, யார் பொட்டலத்தை எப்படித் தூக்கிக் கொடுத்தார் என்று அத்தனையும் துல்லியமாக இருக்கிறது. நம் சனங்களுக்கு மறதி நோய் கிடையாது. முப்பது வருடத்துக்கு முந்தின கூலிப் பாக்கியை அணாக் கணக்கில் சொல்லுவாக. எட்டாமல் போனது கேட்கிறவருக்குத்தான். அவருக்குத் திக்கினால்தான் உண்மை, தெளிவாகச் சொன்னால் ‘வெறும் அரசியல்’.

கொடைக்கானல் வழக்கு 2016 மார்ச்சில் முடிந்தது. கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பொறுப்பை ஏற்கவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கருணைத் தொகை என்றது. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. சட்டத்தில் இதற்கு ஒரு லத்தீன் சொல் வைத்திருக்கிறார்கள், ‘அருளினால்’ என்று அர்த்தம். பெரிய வீட்டு வாசலில் துண்டை ஏந்தி வாங்குகிற நெல்லுக்கும் அதே இலக்கணம்தான். தொழிலாளர்களைக் குறை சொல்லவில்லை, பத்து வருடம் கோர்ட்டில் நின்றவர்கள், வாங்கினது சரி. அந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன். நஞ்சு என்று ஒப்புக்கொள்ளாமலே மருந்துக்குக் காசு. தெர்மாமீட்டர் மறுபடியும் கை மாறிப் போயிருக்கிறது.

ஆலை நின்ற மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் பாம்பார் சோலைக்கு இறங்குகிறது. அங்கிருந்து கும்பக்கரை அருவி, பெரியகுளம். மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருக்கலாம் என்று வைத்த அளவு அதே கம்பெனியின் சொந்த நாட்டில் செல்லுமா என்று போராடியவர்கள் கேட்டார்கள். அறிக்கைகள் ஆங்கிலத்தில், உயர் நீதிமன்ற உத்தரவும் ஆங்கிலத்தில். எந்தப் பிரிவில், எத்தனை வருடம், என்ன சம்பளத்துக்கு, எந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், மூத்திரப் பரிசோதனை முடிவைக் கையில் கொடுத்தார்களா இல்லையா என்று அவரவர் வாயால் சொன்னது தமிழில் ஒரு தொகுப்பாக வர வேண்டும். இந்த வேலையைச் செய்ய மருத்துவரும் வேண்டும், வக்கீலும் வேண்டும், எழுதத் தெரிந்தவரும் வேண்டும். மலைக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற தோழர்கள் கைபேசியில் பதிவு செய்து அனுப்பினால் போதும். வாய் குழறுகிற இடத்தைத் திருத்த வேண்டாம், நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அந்த நேரத்தையும் குறித்து அனுப்புங்கள்.